அம்மாவின் விரலும் ஓராண்டுப் பொறுமையும்

(ஆஸ்பத்திரியைத் தாங்குவோர் கூடுகையில், கிராம ஊழியக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



 

சென்ற கூடுகையில் ஒரு பெரியவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கைக்குழந்தைகளுக்குக் கண்ணில் நீர் வடிகிறது, அதற்கு ஆபரேஷன் உண்டு என்று கேள்விப்பட்டு எங்கள் சபையார் காணிக்கை சேர்த்து அனுப்பினோம். எத்தனை குழந்தைகளுக்கு ஆபரேஷன் ஆயிற்று?" என்றார். அன்று நேரம் போதவில்லை. அடுத்த கூடுகையில் விவரமாய்ச் சொல்லுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். அந்தப் பதில்தான் இன்றைய உரை.

பதிலின் முதல் பாகத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கண்ணில் நீர் வடிகிறது என்று எங்களிடம் கொண்டுவந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் செய்யவில்லை. பலருக்கு ஒரு பாட்டில் மருந்துகூடக் கொடுக்கவில்லை. அப்படியானால் அந்தக் காணிக்கை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அதையும் சொல்லுவோம். முதலில் வியாதியைச் சொல்ல வேண்டும்.

பாகூர், வில்லியனூர் என்றால் புதுச்சேரிப் பட்டணத்தின் பேட்டைகள் என்று வெளியூர் அன்பர்கள் நினைக்கிறார்கள். இரண்டும் கிராமங்கள் சேர்ந்த கொம்யூன் பஞ்சாயத்துகள். பாகூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும். வில்லியனூர்ப் பக்கம் வயலும் உண்டு, தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற இளம் பெற்றோரும் உண்டு. எங்கே போனாலும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் பாட்டிதான். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவார்கள்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஓர் ஊரில் அப்படி ஓர் ஆயா வந்தார். மடியில் இரண்டரை மாதப் பெண் குழந்தை. பக்கத்தில் மருமகள், பேசாமல் நின்றுகொண்டிருந்தாள். குழந்தைக்கு இடது கண்ணோரம் நீர் ததும்பிக் கன்னத்தில் வழிந்திருந்தது. ஆனால் குழந்தை அழவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"காலையில கண்ணு ஒட்டிக்குது சிஸ்டர். வெந்நீர்த் துணியால தொடச்சாத்தான் தொறக்குது. மஞ்சளா பீளை. திருஷ்டி கழிச்சாச்சு, தாய்ப்பால் ஊத்தியாச்சு, நந்தியாவட்டைப் பூ வச்சாச்சு, கடையில சொட்டு மருந்து வாங்கி மூணு பாட்டில் ஆச்சு. நாலு நாள் அடங்குது, திரும்பவும் வருது" என்றார் ஆயா. கண்ணில் மையும் தீட்டியிருந்தது.

டாக்டர் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது, சிவப்பு இல்லை. கருவிழி பளபளவென்று தெளிவாய் இருந்தது. டார்ச் ஒளிக்குக் குழந்தை முகத்தைத் திருப்பவில்லை, ஒளியையே பார்த்தது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், உள் ஓரத்தில், விரல் நுனியால் அழுத்தினார். கண்ணின் மூலையில் இருந்து ஒரு சொட்டுச் சளி போன்ற பீளை வெளியே வந்தது. மருமகள் பயந்துவிட்டாள். டாக்டருக்கோ அந்த ஒரு சொட்டிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

நம் கண்ணுக்கு மேலே, வெளிப்பக்கமாக, கண்ணீர் சுரக்கும் சுரப்பி இருக்கிறது. அழும்போது மட்டும் அது சுரக்கிறது என்று நினைக்க வேண்டாம். கண்ணை ஈரமாய் வைக்க எப்போதும் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும். பயன்பட்ட நீர் வடிவதற்கு மேல் இமையிலும் கீழ் இமையிலும் மூக்கோரமாய் ஊசி முனை அளவில் ஒவ்வொரு துவாரம் உண்டு. அங்கிருந்து சிறிய குழாய்கள் வழியாகக் கண்ணீர்ப் பைக்கும், பையிலிருந்து எலும்புக்குள்ளாக இறங்கும் ஒரு குழாய் வழியாக மூக்குக்கும் நீர் போய்ச் சேருகிறது. அழுதால் மூக்கும் ஒழுகுவது இதனால்தான். கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதும் இதனால்தான்.

தாயின் கருவில் இந்தக் குழாய் உருவாகும்போது, மூக்குக்குள் திறக்கும் கடைசி முனையில் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். பிறக்கும் சமயத்தில் அது தானே திறந்துவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பிராகு நகரத்தில் இருந்த யோசப் ஹாஸ்னர் என்ற கண் மருத்துவரின் பெயரால் அந்த இடத்தை இன்றும் அழைக்கிறார்கள். நூறு பச்சிளங் குழந்தைகளை எடுத்துக்கொண்டால் ஐந்து முதல் இருபது பேருக்கு அந்தச் சவ்வு பிறந்த பின்னும் திறக்காமல் இருக்கிறது. நீர் இறங்க வழியில்லை, கண்ணில் ததும்புகிறது. பையில் தேங்குகிறது, தேங்கிய நீரில் கிருமி சேர்ந்து பீளையாகிறது. மருந்து கிருமியைக் கொல்லுமே ஒழியச் சவ்வைத் திறக்காது. ஆயா வாங்கிய மூன்று பாட்டிலும் நாலு நாளைக்கு மேல் தாங்காததற்குக் காரணம் இதுவே.

இதை ஒரு சிலேட்டில் படம் போட்டு விளக்கினோம். ஆயா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைவிட நன்றாகச் சொன்னார். "ஏரியில தண்ணி இருக்குது, வாய்க்கால்லயும் இருக்குது. கடைமடையில பலகை போட்டு அடைச்சிருக்குது. அவ்வளவுதானே?" என்றார். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணை நீரை வாங்கிக்கொள்ளும் ஏரி பாகூர் ஏரி. அந்தத் தண்ணீரில் விவசாயம் செய்த குடும்பத்துக்கு அடைப்பு என்றால் என்ன என்று நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து சிலேட்டுப் படத்தோடு ஆயாவின் வார்த்தையையும் ஊர் ஊராய்க் கொண்டு போகிறோம்.

இனி வைத்தியம். 1923-ஆம் ஆண்டில் கிரிக்ளர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு முறையை எழுதி வைத்தார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் உலகமெங்கும் முதல் வைத்தியம் அதுதான். கண்ணீர்ப் பையின் மேல் விரலை வைத்து அழுத்திக் கீழ்நோக்கித் தள்ளுவது. உள்ளே தேங்கியிருக்கும் நீர் அந்த அழுத்தத்தில் கீழே போய்ச் சவ்வை முட்டும். முட்ட முட்ட ஒரு நாள் அது திறந்துகொள்ளும்.

கேட்க எளிது. செய்து பார்த்தால் பத்துத் தாய்மாரில் ஒன்பது பேர் முதலில் தவறாகத்தான் செய்கிறார்கள். சிலர் கன்னத்தைத் தடவுவதுபோல் தோலின்மேல் தடவுகிறார்கள். உள்ளே அழுத்தமே போவதில்லை. சிலர் கண் விழியின்மேலேயே அழுத்துகிறார்கள். அது கூடவே கூடாது. சிலர் மூக்கின் நடுத்தண்டைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆகவே நாங்கள் வாயால் சொல்லி அனுப்புவதில்லை. தாயின் விரலை எங்கள் விரலால் பிடித்து இடத்தைக் காட்டுகிறோம்; பிறகு அவள் விரலை எங்கள் கையின் மேல் வைத்து அழுத்தச் சொல்லி, எவ்வளவு பலம் என்று சரி பார்க்கிறோம். உங்களில் பேரன் பேத்தி உள்ளவர்களும் கவனித்துக்கொள்ளலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சுண்டுவிரலோ ஆள்காட்டி விரலோ எது வசதியோ அது. கண்ணின் உள் மூலைக்கும் மூக்கின் பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு சிறிய பள்ளம் போல் தட்டுப்படும். விரல் நுனியை அங்கே வைத்து உள்நோக்கி அழுத்த வேண்டும். நம் நகம் லேசாக வெளுக்கிற அளவு போதும். அந்த அழுத்தத்தை விடாமல் மூக்கோரமாய்க் கீழே இறக்க வேண்டும். எடுத்துத் திரும்ப மேலே வைத்துக் கீழே இறக்க வேண்டும். கீழிருந்து மேலே தேய்க்கக் கூடாது. ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. பால் கொடுக்கிற நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. பீளை வெளியே வந்தால் பயப்பட வேண்டாம். தேங்கியது வெளியேறுகிறது என்று அர்த்தம். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டும். மறு கண்ணுக்கு வேறு பஞ்சு.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஆரம்பத்தில் இளம் தாய்மாருக்கு மட்டும் கற்றுக் கொடுத்தோம். அவர்கள் வீட்டுக்குப் போனால், "பச்சப் புள்ள மூஞ்சிய இப்படியா அமுக்குவ?" என்று ஒரு குரல் வரும். அதோடு நின்றுவிடும். அடுத்த மாதம் வந்து, "செய்துகொண்டுதான் இருக்கிறேன்" என்று தலை குனிந்து சொல்லுவாள். யாரை ஏமாற்றுகிறாள்? பாவம், யாரையும் இல்லை. பிறகு புத்தி வந்து ஆயாமாரைக் கூப்பிட்டோம். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் பிள்ளையைப் படுக்க வைத்துக் குளிப்பாட்டிப் பழகிய கை அது. எவ்வளவு அழுத்தினால் பிள்ளைக்கு வலிக்காது என்று எங்கள் நர்ஸ்களைவிட அந்தக் கைகளுக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு ஊரிலும் அங்கன்வாடியில் கூட்டம் போடும்போது முதல் வரிசை ஆயாமாருக்குத்தான்.

அதே கூட்டத்தில் சில காரியங்களை நிறுத்தும்படியும் கேட்டுக்கொள்ளுகிறோம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்க் கெட்ட நிமோனியாவைக் கொண்டுவரும். வாயால் மூக்கை ஊதுவது வேண்டாம். கண்ணில் பாலோ எண்ணெயோ பூச்சாறோ வேண்டாம். கடை மையில் காரீயம் கலந்திருப்பதுண்டு. அது குழந்தையின் மூளைக்கு ஆகாது, ஆகவே கண்ணுக்குள் தீட்ட வேண்டாம். திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் பாதத்தில் வைக்கட்டும் என்று எங்கள் மூத்த நர்ஸ் சொல்லுவார். இதில் சில விசுவாசக் குடும்பங்கள் எங்களோடு தர்க்கம் பண்ணுவார்கள். பொட்டைப்பற்றிய வாதத்தைவிடக் கண்ணைப்பற்றிய கவலை எங்களுக்குப் பெரிது.

மருந்துக்கடைச் சொட்டு மருந்தைப்பற்றி ஒரு வார்த்தை. பீளை அதிகமாகி இமை வீங்கும்போது டாக்டர் சில நாளைக்குக் கிருமிக்கொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார், அது சரி. ஆனால் சீட்டு இல்லாமல் வாங்குகிற சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அன்றைக்குக் கண் தெளிவாய்த் தெரியும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், புரையும் விழும். ஓர் ஊரில் ஒரே பாட்டிலை மூன்று வீட்டுக் குழந்தைகளுக்கு மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்ததை நாங்களே பார்த்தோம்.

இப்படி அழுத்திவிட்டுக் காத்திருந்தால், நூறில் சுமார் தொண்ணூறு குழந்தைகளுக்கு முதல் பிறந்த நாளுக்குள் குழாய் திறந்துவிடுகிறது. பாகூர் ஏரிக்கரைக் குழந்தைக்கு எட்டாம் மாதத்தில் திறந்தது. ஒரு நாள் காலையில் கண் ஒட்டாமல் எழுந்தாள், அவ்வளவுதான். வீட்டில் யாரும் இரண்டு நாள்வரை கவனிக்கக்கூட இல்லையாம். படம் பிடித்து உங்களுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை.

இதுவரை சந்தோஷமாய்ச் சொன்னோம். இனி சொல்லுவது எங்களுக்குச் சொல்லக் கஷ்டமான காரியம். ஆனால் சொல்லாமல் போனால் இந்த உரை பொய்யாகிவிடும்.

வில்லியனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு ஆண் குழந்தை. முதன்முதல் பார்த்தபோது இரண்டு மாதம். இரண்டு கண்ணிலும் நீர். நாங்கள் அன்று காலையில் இருந்து நீர் வடியும் கண் நான்கு பார்த்திருந்தோம், இது ஐந்தாவது. விரலைப் பிடித்துக் காட்டினோம், "ஒரு வயசுக்குள்ள சரியாகிடும்மா, பயப்படாதே" என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த மாதமும் வந்தாள். "அழுத்துறேன் சிஸ்டர், தண்ணி நிக்கல. வெயில்ல தூக்கிட்டுப் போனா முகத்த என் தோள்ல புதைச்சிக்கறான்" என்றாள். எந்தக் குழந்தைதான் வெயிலில் முகத்தைப் புதைக்காது என்று நினைத்துவிட்டோம். அந்தப் பிள்ளைக்குப் பெரிய கண். ஊரே அந்தக் கண்ணழகைப் பேசும். நாங்களும் ஒருவர் விடாமல் அந்தக் கண்ணைப் புகழ்ந்தோம்.

ஐந்தாம் மாதம் முடிந்து வந்தபோது எங்களோடு வேறொரு டாக்டர் வந்திருந்தார். அவர் பிள்ளையைக் கையில் வாங்கும் முன்பே முகம் மாறிவிட்டார். கருவிழி வயதுக்கு மீறிப் பெரிது. அதன் பளபளப்பு மங்கி, கண்ணாடியில் மூச்சுக்காற்றுப் பட்டதுபோல் இருந்தது. அது குழாய் அடைப்பே இல்லை. குளுக்கோமா என்று சொல்லுகிற கண் நீர் அழுத்த நோய், பிறவியிலேயே வந்தது. கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, குழந்தையின் இளங்கண்ணை ஊதிப் பெரிதாக்கி, பார்வை நரம்பை நாளுக்கு நாள் அரித்துக்கொண்டிருந்தது. இந்த நோயில் கூசுவதால்தான் கண்ணீர் கொட்டுகிறது. நாங்கள் கண்ணழகு என்று புகழ்ந்தது வியாதியின் அடையாளம்.

அன்றைக்கே வண்டியில் ஏற்றிப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த வாரத்திலேயே ஆபரேஷன் ஆயிற்று. ஒரு கண்ணில் நல்ல பார்வையைக் காப்பாற்றினார்கள். மற்றக் கண்ணில் பாதிதான். மூன்று மாதத்துக்கு முன் அனுப்பியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அந்தத் தாய் எங்களைக் கேட்கவில்லை. தகப்பனார் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தவறு எங்களுடையது என்று சொன்னோம்.

இது அபூர்வமான நோய். மேல்நாடுகளில் பதினாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் எண்ணுகிறார்கள். ஆனால் ஆந்திரப் பிரதேசத்தில் சுமார் 3,300 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரத்த உறவில் திருமணம் செய்வது இங்கே அதிகம்; தாயும் தகப்பனும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்திருந்தால் பிள்ளைக்கு இந்த நோய் வரக்கூடும். அந்த வில்லியனூர்த் தாய், சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு எங்கள் நடைமுறை மாறியது. நீர் வடியும் கண் எத்தனையாவதாக வந்தாலும் டார்ச் அடிக்காமல், கருவிழியை அளக்காமல் விரல் வைத்தியம் சொல்லுவதில்லை. பிறந்த குழந்தைக்குக் கருவிழியின் அகலம் சுமார் 10 மில்லிமீட்டர். ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். வெளிச்சத்தைக் கண்டு கண்ணை இறுக்கி மூடினாலும் அப்படியே. மூத்த டாக்டர் ஒருவர் கற்றுக் கொடுத்த சின்னக் குறிப்பும் உண்டு: குழாய் அடைத்த குழந்தைக்கு அந்தப் பக்கத்து மூக்கு உலர்ந்திருக்கும், கண்ணில் பீளை சேரும். குளுக்கோமாக் குழந்தைக்குக் குழாய் திறந்தே இருப்பதால் மூக்கும் ஒழுகும், பீளை இருக்காது. தெளிந்த நீராய் வடியும். இந்தக் குறிப்பை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆனால் சந்தேகம் எழுப்ப இது போதும்.

காத்திருக்கக் கூடாத வேறு சில குழந்தைகளும் உண்டு. பிறந்த சில நாளிலேயே இரண்டு இமையும் வீங்கிச் சீழ் கொட்டினால், அது பிரசவத்தின்போது தொற்றிய கிருமியாக இருக்கலாம். ஓரிரு நாளில் கருவிழியையே ஓட்டை போட்டுவிடும். பிறக்கும்போதே மூக்கோரம் நீலநிற வீக்கம் இருந்தால், உள்ளே மூக்கையும் அடைக்கக்கூடும். பச்சைக் குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும் என்பதை மறக்கக் கூடாது. அந்த இடம் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் விரலை வைக்கவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

இனி, ஒரு வயது முடிந்தும் திறக்காத குழந்தைகள். இவர்களுக்குத்தான் நீங்கள் கேள்விப்பட்ட ஆபரேஷன். ஆபரேஷன் என்ற சொல்லே அதற்குப் பெரிது. கிராமத்தில் கம்பி விடுகிறது என்கிறார்கள். சிறிது நேரம் மயக்கம் கொடுத்து, இமையின் துவாரத்தின் வழியாக முனை மழுங்கிய மெல்லிய கம்பியை இறக்கி, அந்தச் சவ்வைத் திறந்துவிட்டு, உப்பு நீர் செலுத்தி வழி சரியாகிவிட்டதா என்று பார்க்கிறார்கள். கத்தியில்லை, தையலில்லை, சில நிமிட வேலை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டொமினிக் ஆனெல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் கண்ணீர்க் குழாயில் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தவர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. இன்று பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஒரே முறையில் சரியாகிவிடுகிறது. ஆகாதவர்களுக்கு மறுபடி கம்பி விட்டு, சில மாதத்துக்கு மெல்லிய சிலிக்கோன் குழாய் வைப்பார்கள். அதிலும் ஆகாத மிகச் சிலருக்கே எலும்பில் புது வழி செய்கிற பெரிய ஆபரேஷன்.

ஒரு வயதுவரை ஏன் காத்திருக்க வேண்டும், ஆறாம் மாதத்திலேயே கம்பி விட்டால் என்ன என்று சில அன்பர்கள் கேட்கலாம். அப்படிச் செய்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். மயக்கம் கொடுக்காமல் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு செய்துவிடுவார்கள். அமெரிக்காவில் இதை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் காத்திருந்தவர்களைப் பார்த்தால், மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு மாதத்துக்குள் கம்பி இல்லாமலே திறந்துவிட்டது. மூன்று பேருக்குக் கம்பி விட்டால் இருவருக்கு வீணாய் விட்டிருப்போம். ஆகவே நாங்கள் காத்திருக்கிற பக்கம்தான். மிகவும் பீளை பிடித்து அடிக்கடி வீங்குகிற குழந்தைக்கு மட்டும் டாக்டர் முன்னதாகவே முடிவு செய்வார்.

நல்ல காரியம், இந்தக் கம்பி வைத்தியத்துக்கு நம் பக்கத்துக் குழந்தைகள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 2003 முதல் தவளக்குப்பத்தில் இருக்கிறது. பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம் வந்து கடலூர் ரோட்டில் பஸ் பிடித்தால் எட்டிவிடுகிற தூரம். பணம் கட்ட முடியாதவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

அப்படியிருந்தும் தேதி குறித்த குழந்தைகளில் சிலர் வருவதில்லை. ஏன் என்று வீடு வீடாய்ப் போய்க் கேட்டோம். காசு இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. மயக்கம் கொடுப்பதற்கு முன் தாய்ப்பால் நான்கு மணி நேரம், வேறு பால் ஆறு மணி நேரம் நிறுத்த வேண்டும். விடியற்காலையில் பசியில் அலறுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற ஒரு தாய்க்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு வீட்டில் தகப்பனுக்கு லீவு இல்லை. நடவு நேரம் என்றார் ஒருவர். ஒரு வயது என்பது மொட்டை போட்டுக் காது குத்துகிற வயதும் ஆயிற்றே. தாய்மாமன் துபாயிலிருந்து வருகிற தேதியும் கம்பி விடுகிற தேதியும் மோதிக்கொண்டால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் கோபித்துக்கொள்ளுவதில்லை. காது குத்து முடிந்த மறு வாரத்துக்குத் தேதி வாங்கிக் கொடுக்கிறோம். ஒன்றிரண்டு மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. மூன்று வயது, நான்கு வயது என்று தள்ளிப்போனால்தான் பலன் குறையலாம்.

கம்பி விட்ட அன்று மூக்கிலும் கண்ணீரிலும் ஒரு சொட்டு இரத்தம் கலந்து வரலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு வீட்டில் இராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார்கள். இன்னொன்றும் சொல்லி அனுப்புகிறோம். குழாய் அடைப்பு இருந்த குழந்தைகளில் சிலருக்கு இரண்டு கண்ணின் பவரும் சமமாய் இல்லாமல், ஒரு கண் சோம்பிப்போவதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நீர் நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல், பின்னாலும் ஒரு தரம் கண் பார்வையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் காணிக்கைக்கு வருகிறோம். பெரியவரின் சபையார் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் ஆபரேஷனுக்கு என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தக் குழந்தைக்குப் பத்தாம் மாதத்தில் குழாய் தானே திறந்துவிட்டது. ஆபரேஷன் ஆனது என்று எழுதி, கண் கட்டிய ஒரு படத்தை இணைத்து அனுப்புவது எளிது. பணம் அனுப்பினவர்களுக்கும் திருப்தியாக இருந்திருக்கும். நாங்கள் அந்தத் தொகையைத் தனியே வைத்து, நடந்ததை எழுதி, வில்லியனூர்ப் பிள்ளைக்குச் செலவிடலாமா என்று அனுமதி கேட்டோம். அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷனோடு முடியவில்லை. அழுத்தம் சோதிக்க அடிக்கடி போக வேண்டும், தினமும் சொட்டு மருந்து, கண்ணாடி, நல்ல கண்ணை மூடிவைத்துப் பலவீனமான கண்ணைப் பழக்குகிற வேலை. ஒவ்வொரு தடவையும் தகப்பனாருக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஆபரேஷன் அங்கே இலவசமாக ஆயிற்று. அந்தக் கூலியை யார் கொடுப்பார்?

சபையார் அனுமதி கொடுத்தார்கள். எங்கள் கடிதத்துக்குப் பதிலாக வந்த தபால் கார்டில் இரண்டே வரி எழுதியிருந்தார்கள். மீதி இருந்தால் டார்ச் லைட் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது இரண்டாவது வரி. வாங்கினோம். கருவிழி அளக்கிற சின்ன அளவுகோல்களும் வாங்கி, எங்களோடு வேலை செய்கிற கிராம செவிலியர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் பாகூர்ப் பக்கத்துச் செவிலியர் ஒருவர் அதை வைத்து அளந்து பார்த்துவிட்டு, பிறந்து இருபத்தாறு நாளான ஒரு பெண் குழந்தையை எங்களுக்குக் காத்திராமல் நேரே கண் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டார். அவர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. இரண்டு கண்ணும் தப்பின.

வில்லியனூர்ப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தடித்த கண்ணாடி, மூக்கில் நழுவாமல் இருக்கப் பின்னால் நாடா போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கரும்பலகை தெரிவதற்காக டீச்சர் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். அவன் அம்மாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது, நாலாம் நாளே தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்து, நாங்கள் டார்ச்சை எடுக்கும்வரை உட்காராமல் நின்றாள். அளந்தோம், பத்து மில்லிமீட்டர். கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தது. ஆனாலும் பெரிய டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். பையனுக்கு அடுத்த அழுத்தப் பரிசோதனை பள்ளிக்கூட லீவில் வருகிறது.